முதல் பலகைக்கு ஏற்ற முகம்

சலங்கில் துடுப்புப் போடுகிறவன் கடலைப் பார்ப்பதில்லை. இதைக் கரையில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடலுக்குப் போகிறவன் கடலைப் பார்க்காமல் எப்படிப் போவான் என்று கேட்பார்கள். ஆனால் அப்படித்தான். படகு முன்னால் போகும். நாங்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்பை இழுப்போம். அலை எங்கள் முதுகுக்குப் பின்னால் எழும்பி வரும். எங்கள் கண்ணுக்கு எதிரே இருப்பவர்கள், படகின் கடைப்பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சவாரிக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால், நீண்ட சுக்கான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படகுத் தலைவர், தண்டல். கடலை முழுவதுமாகப் பார்ப்பவர்கள் அவர்கள். நாங்கள் அவர்களுடைய முகங்களைப் பார்ப்போம்.

பதினோரு வருஷம் நான் பார்த்தது அந்த முகங்களைத்தான். இன்றைக்கும் மதியத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தால் அவை வருகின்றன. உடம்பு இல்லாத முகங்கள், ஏரித் தண்ணீரில் மிதக்கிற இலைகளைப் போல ஒவ்வொன்றாக வந்து, என்னைப் பார்த்து, நகர்ந்துவிடும். யாருடையது என்று தெரியாது. வெளிறிப்போன வெள்ளைக்கார முகங்கள், வியர்த்த செட்டியார் முகங்கள், கண்ணை இறுக்க மூடிய குழந்தை முகங்கள்.

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் இருந்த கடைசிக் காலம் அது. முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடப்பதால் கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆட்களையும் துணிப் பொதிகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது சலங்கின் வேலை. ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த உயரமான படகு. அலை அடித்தால் உடையாது, நெளியும். அது நெளிவதைப் பார்த்தே புதியவர்கள் பாதி செத்துவிடுவார்கள்.

முகத்துவாரத்துக்கு வெளியே மூன்று அலைவரிசைகள் உண்டு. மூன்றையும் தாண்டும்வரை சவாரிக்காரர் ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது. ஒருவர் பயந்து எழுந்தாலும் படகு சாய்ந்துவிடும், எல்லாரும் தண்ணீருக்குள். ஆகவே எங்கள் படகுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சவாரிக்காரர்களுக்கு மிக அருகே, முட்டியோடு முட்டி உரசுகிற முதல் பலகையில், நல்ல முகம் உள்ளவனாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். தோள் பலம் அடுத்த விஷயம். அலை வரும்போது சவாரிக்காரர் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தால், இது ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள்.

நான் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் உபதேசியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் படித்தவன். பிறகு என் அப்பா, நைனா, என்னைத் தண்டலிடம் அழைத்துப்போனார். தண்டல் எங்களுக்கு மாமா முறை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவனப் பாருங்கடா,” என்றார் துடுப்புக்காரர்களிடம். “ஒண்ணுமே சொல்லாதப்பவே சிரிச்சிகினு கீறான். இவன முன்னாடி குந்த வை.”

நான் சிரிக்கவில்லை. புதியவர்கள் எதிரில் நின்றால் என் வாய் அப்படித்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அது கூச்சம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் முதல் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

தண்டலிடம் ஒரு நீளமான பிரம்பு இருக்கும். அதைச் சவாரிக்காரர்களுக்குத் தெரியாமல், பாயின் ஓரமாக, கீழே என் கணுக்காலுக்கு நேராக நீட்டி வைத்திருப்பார். என் முகம் கொஞ்சம் சுருங்கினால் பிரம்பு காலில் குத்தும். பெரிய அடி இல்லை. ஆனால் குத்திய இடத்திலேயே குத்தும். உப்புத் தண்ணீரில் அந்தப் புண் ஆறாது. முதல் மழைக்காலத்துக்குள்ளேயே என் காலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கயிறு கட்டினாற்போல ஆகிவிட்டது. பிரம்பு பட்டவுடன் வாய் விரியும். பிறகு பிரம்பு தேவைப்படவில்லை. தண்டலின் கண் என்மேல் விழுந்தாலே போதும்.

அவரைக் கொடுமைக்காரர் என்று நான் எழுத மாட்டேன். ஒருமுறை சவாரிக்காரர் ஒருவர் எழுந்து நின்றதில் படகையும் நான்கு பேரையும் முகத்துவாரத்தில் தொலைத்தவர் அவர். அந்த நான்கில் ஒருவர் அவருடைய தம்பி.

பின் பலகைக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். இரண்டாம் பலகையில் இருந்த அண்ணன் வாயாடி.

“உனுக்கு இன்னாடா? பல்லக் காட்டினா சோறு. நாங்க முதுகு ஒடிய இழுக்கணும்.”

“நீ வேணா இங்க வந்து குந்துண்ணே.”

“அய்ய, என் மூஞ்சியப் பாத்தா கப்பல்ல போறவன் நீந்தியே ஊருக்குப் போயிடுவான்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எது என் சிரிப்பு, எது வேலைச் சிரிப்பு என்று அப்போதே எனக்குக் குழம்பத் தொடங்கியிருந்தது.

சவாரிக்காரர்களும் அடிப்பார்கள். கடலில் இல்லை, கரையில் இறங்கிய பிறகு. அலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடவுளை அழைத்த துரைகள், மணலில் கால் பட்டதும், சப்பாத்து நனைந்தது என்று பிரம்பை ஓங்குவார்கள். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. போகப் போகத் தெரிந்தது. அவர்கள் பயந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததற்குத்தான் அடி. அப்படி அடி வாங்கும்போதும் என் வாய் விரிந்தேதான் இருக்கும். அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் கோபம் வரும்.

ஏழாம் வருஷம் தாடை வலி வந்தது. காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியாது. இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். வயிறு எரியும். சோறு இறங்காது. காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு வைத்தியர் வருவார், அவரிடம் போனேன். நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார். என்ன சாப்பிட்டாய், நண்டு சாப்பிட்டாயா, தயிர் சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டார். வாயு என்று சொல்லி நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் துடுப்பு இழுக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சிரிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்குக் கல்யாணமானது ஒன்பதாம் வருஷம். என் மனைவி சுண்ணாம்புக்குளத்துப் பெண். அவர்கள் வீட்டில் பெண்களும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள். அதிகம் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். மாலையில் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தால், ஏரி எது, வானம் எது என்று தெரியாத அந்த நேரத்தில், இருவரும் ஒரு சொல்லும் இல்லாமல் நெடுநேரம் இருப்போம். என் வாய் தளர்ந்து கிடந்தது அவள் பக்கத்தில் மட்டும்தான்.

அடுத்த வருஷம் பையன் பிறந்தான். ஐந்து மாதம் இருந்தான். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான்.

மணல்மேட்டில் அடக்கம் செய்தோம். மழை நின்று, எங்கும் ஈரமான வெளிச்சம். எங்கள் படகு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தண்டலும் வந்தார். குழிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். குழியின் தலைமாட்டில் என் மனைவியைப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்டல் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆறுதலாகத்தான் பார்த்தார். ஆனால் படகில் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவில் நின்று பார்த்தார்.

என் வாய் விரிந்தது.

நான் அதை மூடப் பார்த்தேன். கையால் மறைப்பதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. “இன்னா அது?” என்று மட்டும், பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள். “இன்னா மூஞ்சி அது?”

அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சண்டை இல்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முதுகைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்துச் சாப்பிடுவேன். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்தானே என் கையில் இல்லை. இப்படி ஏறக்குறைய ஒரு வருஷம் போனது. மறுபடி ஐப்பசிக்குள் அவள் சுண்ணாம்புக்குளத்துக்கே போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. அவளுடைய அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். துணி மூட்டை மூலையில் கட்டித் தயாராக இருந்தது.

அப்போது ஒல்லாந்தர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் காலையில் ஒரு துரைசானியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் அவர்களுடைய ஆயாவும் எங்கள் படகில் ஏறினார்கள். துரை முந்தின படகிலேயே கப்பலுக்குப் போயிருந்தார். துரைசானி முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஆயா எனக்கு நேர் எதிரே, இரண்டு குழந்தைகளையும் இரண்டு பக்கமும் அணைத்து உட்கார்ந்தாள். தமிழ்ப் பெண்தான். இருபத்தைந்து வயதிருக்கும். குழந்தைகளோடு அவளும் கப்பலில் போகிறாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்தும் அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏரியில் பனி விலகாத நேரம்; படகு பஞ்சின்மேல் போவதுபோலப் போயிற்று. துடுப்புக்காரர்கள் ஏலேலோ போட்டார்கள். குழந்தைகள் அதற்குத் தாளம் தட்டின.

நான் முன்பே சொன்னேன், நாங்கள் பார்ப்பது சவாரிக்காரர் முகத்தை; அலையையும் அதில்தான் பார்ப்போம். முகம் வெளுத்தால் அலை பக்கத்தில். கண் மேலே போனால் அலை பெரிது. அதை வைத்தே காலை ஊன்றி, துடுப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வோம். தண்டல் குரல் கொடுப்பார். ஆனால் முகத்தைத்தான் நாங்கள் அதிகம் நம்புவோம். பதினோரு வருஷத்தில் எந்த முகமும் எனக்குப் பொய் சொன்னதில்லை.

முதல் அலையைத் தாண்டினோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்டல் என்னவோ கத்தினார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். துளியும் மாறவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து, பின்னால் கடல் தட்டையாகக் கிடக்கிறது என்று நினைத்துத் துடுப்பைத் தளர்த்திவிட்டேன்.

இரண்டாம் அலை எங்கள்மேல் விழுந்தது. தளர்ந்திருந்த துடுப்பை அது ஒரு சுழற்றுச் சுழற்றி, பிடியைக் கொண்டுவந்து என் இடது தாடையில் அடித்தது. படகு பாதி நிரம்பிப் பக்கவாட்டில் திரும்பியது. குழந்தைகள் வீறிட்டன. துரைசானி எழப்போனாள், இரண்டாம் பலகை அண்ணன் என்னைத் தாண்டி எட்டி அவளுடைய தோளைப் பிடித்து உட்காரவைத்தார். என் வாய் நிறைய ரத்தம். ஆயா குழந்தைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பயமா கீதாம்மா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. சவாரிக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

“ஆமாண்ணா,” என்றாள், அதே சிரிப்போடு. “ஏறினதுலேர்ந்து உயிரே இல்ல. புள்ளிங்க அழுதா தொரசானியம்மா என்ன அடிப்பாங்க.”

கீழே பிரம்பு என் காலைக் குத்தியது. இன்னொரு முறை குத்தியது. நான் தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாக, முதல்முறையாக எதிரே வரும் அலையை, மூன்றாம் அலையை, பார்த்தேன். பச்சைக் கண்ணாடிச் சுவர் ஒன்று வெயிலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் சின்னச் சின்ன மீன்கள், எங்கள் தலைக்கு மேல் உயரத்தில், எதையும் அறியாமல் நீந்திக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அடிபட்ட மயக்கமோ என்னவோ, எனக்குப் பயம் வந்தது, அந்தப் பயம் நன்றாக இருந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து படகை நேராக்கி இழுத்தோம். சுவர் எங்களுக்குக் கீழே போயிற்று.

கப்பலோரம் போய்ச் சேர்ந்ததும் துரை ஏணியில் இறங்கி வந்தார். நனைந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, கைத்தடியால் என் தோளிலும் முதுகிலும் அடித்தார். எனக்கு அது நினைவில் அதிகம் இல்லை. நினைவில் இருப்பது வேறு. துரைசானி ஏணியில் கால் வைக்குமுன் திரும்பி, ஆயாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அறை விழுந்தபோதும் ஆயாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கன்னம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் மட்டும் விரிந்தே இருந்தது. பார்க்க முடியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, குழியோரத்தில் என் மனைவி பார்த்தது இதைத்தான் என்று.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அந்த முதுகிடம் சொல்லத் தொடங்கினேன். தாடை வீங்கி வார்த்தை சரியாக வரவில்லை. பிரம்பைச் சொன்னேன். கால் புண்ணைச் சொன்னேன். தண்டல் குழிக்கு அந்தப் பக்கம் நின்றதைச் சொன்னேன். ஆயாவைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“அறைஞ்சாங்க, அப்பவும் சிரிச்சாளா?”

“சிரிச்சா.”

“கப்பல்ல போயிட்டாளா அந்தப் பொண்ணு?”

“போயிட்டா.”

கையிலிருந்த இறாலைச் சட்டியில் போட்டாள். பிறகு திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தை நேராகப் பார்க்கிறேன். நெற்றியில் எனக்குத் தெரியாத ஒரு கோடு வந்திருந்தது. “வாயத் தொற, பாக்கலாம்,” என்றாள். திறக்க முடியவில்லை. கஞ்சியை வடித்து, சங்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பையனுக்குப் பால் புகட்டிய சங்கு என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் தண்டல் வந்தார். வாசலில் நின்று கனைத்தார்.

“இன்னாடா, மாப்பிளக்கி இன்னும் தூக்கம் தெளியலியா? நாளிக்கி சவாரி கீது. உன் மூஞ்சி இல்லாம பேஜாராப் போச்சி.”

அவர் குரல் கேட்டதும் என் தாடை தானாக அசைந்தது. வலியில் கண் இருண்டது. என் மனைவி அதைப் பார்த்தாள். எழுந்து எனக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

“அந்த மூஞ்சி ஒடஞ்சி போச்சி மாமா. வேற மூஞ்சி தேடிக்கோங்க.”

“ஏ பொண்ணு, ரெண்டு நாள்ல சரியாயிடும். ஒத்தடம் குடு.”

“சரியாவும். சரியானா என்னண்ட இருக்கட்டும்.”

“அப்ப எத்தத் தின்னுவீங்க?”

“ஏரி கீதே.”

தண்டல் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் காலைக் குனிந்து பார்த்தார். புண்ணை அவரும் அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தார் என்று நினைக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு அந்தப் பலகையில் யாரை உட்கார வைத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

இறால் தடவுவதை என் மனைவிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் தவழ்ந்து போக வேண்டும். இரண்டு கையையும் சேற்றில் பரப்பி, விரலில் இறால் துள்ளுவதைப் பிடித்து, ஓலையில் பின்னிய பறிக்குள் போட வேண்டும். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். என் தாடை அதற்கு ஆகாது. அதனால் நான் பிடிப்பதையும் அவள் பறியிலேயே போட்டேன். தாடை இன்றுவரை சரியாகவில்லை. மெல்லும்போது சத்தம் வரும், குளிர்காலத்தில் பூட்டிக்கொள்ளும். வயிற்றெரிச்சல் குறைந்தது. தூக்கம் வந்தது, எல்லா நாளும் இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் நின்ற இடம் இளஞ்சிவப்பாக, கரைந்த மாதிரி இருந்தது. நாங்கள் அருகருகே தவழ்ந்துகொண்டிருந்தோம். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

“அவன் மூக்கு யாரு மாதிரி இருந்திச்சி?” என்று கேட்டாள்.

பையன் போன பிறகு அவனைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு. நான் சேற்றில் கையை வைத்தபடி யோசித்தேன். மூக்கு என் நைனாவுடையது. காது மட்டும் உன்னுடையது, மேல் பக்கம் கொஞ்சம் மடிந்திருக்கும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன். பால் குடிக்கும்போது கால் கட்டைவிரலை மடக்குவானே, அதையும் சொன்னேன். என் முகம் அப்போது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.